நீ பேசத் தொடங்கிய கார்த்திகை

என் அருமை மகன் முருகேசனுக்கு,

தங்கவயல் கோரமண்டல் லைனில் இருந்து உன் நைனா எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று காலையிலிருந்தே தூறல். தபால்காரர் அதைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து கொடுத்தார். நான் சத்தமாக வாசிக்க, உன் அம்மா அடுப்பங்கரையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உன் மகள் தனத்துக்கு மூன்று வயது முடியப் போகிறது, இன்னும் "அம்மா" என்றுகூட வாய் திறக்கவில்லை என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னாள். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவியதையும், அண்டை வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதையும், மருமகள் காமாட்சி சரியாகச் சாப்பிடாமல் மெலிந்து போயிருப்பதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே அப்பா. உன் கவலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைப் போய் நீ எழுதியிருக்கிறாயே என்றுதான் சிரித்தோம்.

இங்கிருந்து ராபர்ட்சன்பேட்டைச் சந்தைக்குப் போகிற வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசி, எதை வாங்கப் போனோம் என்பதையே மறந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவன் நீ. ஹூப்ளி ரயில் பட்டறையிலும் உன் வாய் ஓயாது என்று உன்னோடு வேலை செய்கிற பையன் ஒருவன் லீவில் வந்தபோது சொன்னான். அப்படிப்பட்ட நீ, மூன்று வயது தாண்டும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளையாக இருந்தாய். உன்னிடம் இதை மறைக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்ததில்லை. நீ பேச ஆரம்பித்த பிறகு வேறு யாரும் பேச இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது நீ தகப்பன். தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்திருக்கிறது. இன்று எனக்கு ஷிப்டு இல்லை, மழையால் வெளியேயும் போகவில்லை, ஆகையால் முழுவதும் எழுதிவிடுகிறேன்.

உன் தங்கை ராஜம்மாள் பிறந்த வருஷம் அது. புரட்டாசி கடைசியில் பிறந்தாள். அப்போது நாம் இருந்தது மூங்கில் தட்டியில் மண் பூசிய ஒற்றை அறை வீடு. சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த லைன் முழுக்க அப்படித்தான். பிரசவம் நல்லபடியாக ஆனது, பக்கத்து வீட்டு நாகம்மா அக்காதான் பார்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, எழுந்து நடமாட முடியாமல் படுத்துவிட்டாள். அவளுடைய தாயார் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டதால், ஊரில் இருந்து வந்து பார்க்க ஆள் இல்லை. உன் அக்கா பொன்னிக்கு ஆறு வயது, உனக்கு மூன்று நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் பச்சைக் குழந்தை. நான் மேஸ்திரியிடம் போய், என்னை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். சுரங்கத்துக்குள் மேற்பாறை சரியாமல் மரத்தை முட்டுக்கொடுக்கிற வேலை எனக்கு. அதை எந்த ஷிப்டில் செய்தாலும் ஒன்றுதான், கீழே எப்போதும் இருட்டுதான். பகலில் வீட்டில் இருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்போது தூங்குவது என்று அந்த மேஸ்திரி கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் மகனே, என் ஆயுசில் நான் நன்றாக வாழ்ந்த காலம் எது என்று யாராவது கேட்டால், தூங்காமல் கிடந்த அந்த ஐப்பசியைத்தான் சொல்வேன். காலையில் சுரங்கத்து ஷாப்டில் இருந்து மேலே வரும்போது மலைக்காற்றும் தூறலும் முகத்தில் அடிக்கும். வீடு வந்து சேர்வதற்குள் நனைந்துவிடுவேன். நீ வாசலில், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். கூப்பிட மாட்டாய், ஓடி வருவாய். வந்து என் தூக்குச்சட்டியைப் பிடுங்கித் திறந்து பார்ப்பாய். நான் அதில் வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பேன். வீட்டில் சாப்பாடு இருந்தாலும், அந்தச் சட்டியில் கிடக்கிற காய்ந்த களித் துண்டுதான் உனக்கு ருசி. பூமிக்கு அடியில் போய்விட்டு வந்த களி என்று பொன்னி அதற்குப் பேர் வைத்திருந்தாள். அவளுக்கும் பங்கு வேண்டும், சண்டை வரும்.

பிறகு அடுப்பு. நான் அதுவரைக்கும் அடுப்பை ஊதியதுகூட இல்லை. பொன்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, மாவை எப்போது கொட்ட வேண்டும், துடுப்பை எந்தப் பக்கம் கிண்ட வேண்டும் என்று எனக்குச் சொல்வாள். உன் அம்மா படுத்த இடத்தில் இருந்து சொல்வாள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். நான் கிண்டிய களி கட்டி கட்டியாக வரும். "இன்னா நைனா, இது களியா, குவார்ட்ஸ் கல்லா?" என்று பொன்னி கேட்டதைச் சொல்லிச் சொல்லி லைனில் எல்லோரும் சிரித்தார்கள். ஆலையில் இடித்துத் தங்கம் எடுக்கிற கல்லின் பேர்தான் அது, லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த பேர். நீ மட்டும் அந்தக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, கடைசியில் அவ்வளவையும் தின்றுவிடுவாய். உன்னைப் போல என் சமையலை மதித்தவர் வேறு யாரும் கிடையாது.

துணி காய்வதுதான் பெரிய பாடு. அறைக்குள்ளே குறுக்கே கயிறு கட்டி, குழந்தைத் துணிகளை அடுப்புக்கு மேலே போட்டிருப்போம். எல்லாவற்றிலும் புகை வாசனை. நீங்கள் இரண்டு பேரும் அந்தத் துணிகளுக்கு நடுவில் ஒளிந்து விளையாடுவீர்கள். அதற்குள் ஒரு மூலையில் நான் போர்த்திப் படுத்துக்கொள்வேன். நைனா தூங்குகிறார், சத்தம் போடக் கூடாது என்று பொன்னி அறை அதிரச் சத்தம் போட்டு உன்னை மிரட்டுவாள். நீ சத்தமே போடாதவன் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆமாம், நீ சத்தம் போடாதவன். அழுவாய், சிரிப்பாய். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாய். ஆனால் வார்த்தை என்று ஒன்று வராது. இரண்டு வயது வரை நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை. உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் மழலை பேசிக்கொண்டு ஓடும். நீ நின்று அவர்கள் வாயைப் பார்ப்பாய். காது கேட்காத பிள்ளையோ என்று உன் அம்மா ஒரு நாள் மெல்லிய குரலில் கேட்டாள். அந்த எண்ணம் எனக்கும் இருந்தது, வெளியே சொல்லவில்லை. அதற்குப் பதில் தானாகவே கிடைத்தது. நம் வீட்டில் ஆலை இடிக்கிற சத்தம் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும், உனக்குத் தெரியும். அதில்தான் பிள்ளைகள் தூங்கும். ஒரு நாள் மத்தியானம் ஏதோ பழுது பார்க்க ஆலையை நிறுத்தினார்கள். சத்தம் நின்ற அந்த நொடியில், தூங்கிக்கொண்டிருந்த நீ சட்டென்று எழுந்து உட்கார்ந்து, ஆலை இருக்கிற திக்கைப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் லைனில் மற்ற பிள்ளைகள் விழித்து அழுகிற சத்தம் கேட்டது. காது கேட்கிறது என்று உன் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்கிறதென்றால் ஏன் பேசவில்லை என்று அப்புறம் இன்னொரு கவலை. கவலைப்படுகிறவர்களுக்கு அப்படித்தான், ஒன்று போனால் அடுத்தது காத்திருக்கும்.

காலை நேரத்தில் நான் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று நாகம்மா அக்கா உன்னைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு. நம்மிடம் தமிழ் பேசுவாள், உன்னிடம் தெலுங்குதான். பதில் பேசாத பிள்ளையிடம் பேசுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு வந்ததில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு, உன்னை எதிரில் உட்கார வைத்து, தன் புருஷனைப் பற்றிய குறைகளை எல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாய். லைனிலேயே தன் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒரே ஆண்பிள்ளை நீதான் என்று அவள் உன் அம்மாவிடம் சொன்னாளாம்.

மழை விட்டால் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து கேஜ் விளையாட்டு விளையாடும். பெரியவர்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு போல, ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி, மண்மேட்டில் இருந்து பள்ளத்துக்குள் இறக்குவார்கள். கூடைக்குள் துணிப் பொம்மைகள். மேலே மணி அடிக்க ஒரு ஆள் வேண்டும். எத்தனை தட்டினால் இறக்கு, எத்தனை தட்டினால் நிறுத்து என்று கணக்கு இருக்கிறதல்லவா, அதில் பெரிய பிள்ளைகளே தப்பு விடுவார்கள். நீ மணிக்குப் பதிலாகத் தகரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தப்பே வராது. கீழே இருக்கிற பிள்ளை என்ன கத்துகிறது என்று கேட்டு, சரியாகத் தட்டுவாய். பேசத் தெரியாத பிள்ளைக்கு எல்லாரும் கட்டுப்பட்டு நிற்பதை நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு என்ன குறை என்று அன்றைக்கு என் மனசில் பட்டது. ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

தீபாவளிக்கு உன் தாய்மாமன் வந்தார். அப்போது கோரமண்டல் வரைக்கும் ரயில் இல்லை. குடியாத்தத்தில் வண்டி ஏறி, பௌரிங்பேட்டையில் இறங்கி, சேற்றில் நடந்தே வந்தார். தலையில் ஒரு மூட்டை. தங்கைக்குப் பத்திய மருந்து, பிள்ளைகளுக்குத் துணி, அரிசி, கருப்பட்டி. மனுஷன் தங்கமானவர், உனக்கே தெரியும். வந்த கையோடு உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு லைன் முழுக்கச் சுற்றினார். ஆனால் திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. "மாப்ள, இவன் இன்னும் ஒரு பேச்சு பேசலியே" என்றார்.

தங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், பேச்சு வராத பிள்ளைகளுக்கு மஞ்சள் கிழங்கைக் கொளுத்தி, காதுக்குப் பின்னாலும் நாக்கு நுனியிலும் சூடு வைப்பார், பிறகு பேச்சு வந்துவிடும் என்று சொன்னார். மச்சானுக்கே சின்ன வயசில் இழுப்பு வந்து நெற்றியில் சூடு வைத்திருக்கிறார்கள். அந்தத் தழும்பைத் தடவிக் காட்டினார். அதனால்தான் பிழைத்தேன் என்று மனசார நம்பினார். உன் அம்மா குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, பேச்சு வந்தால் போதும், அழுதாலும் இரண்டு நாளில் ஆறிவிடும் இல்லையா என்று என்னைக் கேட்டாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கார்த்திகை தீபத்துக்குத் தான் மறுபடி வருவதாகவும், திரும்பும்போது உன்னைக் கூட அழைத்துப் போவதாகவும் சொல்லிவிட்டு மச்சான் ஊருக்குக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மழை அதிகமாகிவிட்டது. கூரை பல இடங்களில் ஒழுகியது. ஒரு நாள் காலையில் வந்து களைப்பில் படுத்தவன் அசந்து தூங்கிவிட்டேன். உன் அம்மாவும் காய்ச்சல் தணிந்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பொன்னி நாகம்மா வீட்டில் இருந்தாள். நான் விழித்துப் பார்த்தபோது, நீ கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாய். ராஜம்மாள் தூளியில் தூங்குகிறாள். அவளுக்கு நேர் மேலே கூரையில் ஒரு புது ஒழுகல். நீ சாப்பிடுகிற தட்டை இரண்டு கையாலும் தூளிக்கு மேலே ஏந்திப் பிடித்திருந்தாய். தட்டில் தண்ணீர் நிறைந்து உன் முழங்கை வழியாக வழிந்து, உன் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாயோ தெரியாது. நான் எழுந்ததைப் பார்த்ததும், கண்ணால் தட்டைக் காட்டி, அப்புறம் கூரையைக் காட்டினாய். வந்து பிடி என்று அர்த்தம்.

நான் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தூளியை நகர்த்திக் கட்டினேன். உன்னைத் தூக்கி, ஈரத்தைத் துடைத்து, என் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டேன். உன் அம்மா அதற்குள் விழித்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான்தான் சொன்னேன்.

"இவன் பேசலன்னா போவுது புள்ள. நம்ம பேசுறது இவனுக்குப் புரியுது, இவன் நெனைக்கிறது நமக்குப் புரியுது. இவன் ஒடம்புல யாரும் நெருப்பு வெக்கக் கூடாது."

உன் அம்மா அழுதாள். அழுதுகொண்டே, "அண்ணங்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வராது" என்றாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. இதை நீ நன்றாக மனசில் வைத்துக்கொள். நீ பேசுவாய் என்று தெரிந்து நாங்கள் அந்த முடிவை எடுக்கவில்லை. நீ கடைசி வரைக்கும் பேசாமலே இருந்தாலும் இருக்கட்டும் என்றுதான் எடுத்தோம். அந்த நிமிஷத்தில் இருந்து எங்கள் இரண்டு பேருக்கும் மார்பில் இருந்து பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. உன் அம்மா அன்று சாயங்காலம் எழுந்து வந்து தானே களி கிண்டினாள். கட்டி இல்லாத களியைப் பார்த்து நீ ஏமாந்துபோய்த் தட்டைத் தள்ளிவிட்டாய். அவளுக்குக் கோபம் வரவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கார்த்திகைக்கு முந்தின நாள் மச்சான் வந்து சேர்ந்தார். கம்பளிக்குள் ஏதோ ஒன்றைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால், கார்த்திகைக்கு நெருப்பு வைத்துச் சுற்றுகிற மாவளி. ஊரில் ஆண் பனையின் பாளையைக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருந்தார். இந்த மலைமேட்டில் பனை ஏது? தங்கவயல் பிள்ளைகள் மாவளி பார்த்ததே இல்லை என்று வழியெல்லாம் மழையில் நனையாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். இவ்வளவு ஆசையோடு வந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஆனாலும் அவர் கஞ்சி குடித்து முடித்ததும் சொல்லிவிட்டேன். பையனை அனுப்புவதாக இல்லை, சூடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம் என்று சொல்லி, தட்டு ஏந்தி நின்றதையும் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நீ அவர் மடியில் உட்கார்ந்து, அவர் நெற்றித் தழும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் உன் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தோலு கருகின வாசன எனக்கு இன்னும் மறக்கல மாப்ள" என்றார். "வேணாம் வுடுங்க. இவன் இப்பிடியே இருக்கட்டும்."

அன்று ராத்திரி நீ அவர் மடியிலேயே தூங்கிப்போனாய்.

மறுநாள் எனக்கு ஷிப்டு இல்லை. சாயங்காலம் அதிசயமாக மழை விட்டு, மேற்கே வானம் வெளுத்தது. லைனில் எல்லா வாசலிலும் பெண்கள் அகல் ஏற்றினார்கள். உன் அம்மா குளித்து, நாகம்மா கட்டிவிட்ட பூவோடு, ராஜம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு வாசலில் வந்து நின்றாள். காற்று அடித்து விளக்கு அணையும், பொன்னி ஓடி ஓடி மறுபடி ஏற்றுவாள். மச்சான் லைனுக்கு எதிரே இருந்த வெற்றிடத்துக்குப் போய், மாவளிக்குள் ஒரு நெருப்புத் துண்டை வைத்து ஊதி, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுற்ற ஆரம்பித்தார். முதலில் புகைதான் வந்தது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரே வீச்சில் பொறி கிளம்பியது பார், பொன் தூளை அள்ளி வீசியது போல அவரைச் சுற்றி வட்டமாகப் பொழிந்தது. ஷாப்டில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஆட்கள்கூட நின்று பார்த்தார்கள். நீ என் தோளில் இருந்தாய். உன் உடம்பு முழுக்கத் துள்ளியது. என் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்தாய்.

மச்சானுக்குக் கை வலித்து நிறுத்தினார். பொறி அடங்கியது. எல்லாரும் மூச்சுவிடுகிற அந்த நேரத்தில், என் தலைக்கு மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. மணி மாதிரி, தெளிவாக.

"மள்ளீ."

எனக்கு முதலில் யார் குரல் என்றே தெரியவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லையே. உன்னைத் தோளில் இருந்து இறக்கி முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை, மாமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கையை நீட்டி, இன்னும் பலமாக, "மள்ளீ" என்றாய்.

மச்சான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மாவளி என்று சொல்கிறான், நான் கொண்டுவந்ததைத்தான் முதலில் சொன்னான் என்று அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும் அப்படித்தான் கேட்டது. பூ வேண்டும் என்கிறான், மல்லி என்கிறான் என்று பொன்னி தன் பங்குக்குச் சொன்னாள். அதற்குள் நாகம்மா கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னாத்த மாவளி? எங்க தெலுங்குல மள்ளீன்னா இன்னோரு வாட்டி. புள்ள இன்னோரு வாட்டி சுத்தச் சொல்லுது, நீங்க இங்க நின்னு பேசிகினு இருக்கிறீங்க."

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. நாகம்மா விடவில்லை. லைனில் இருந்த தெலுங்குக்காரர்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம் என்று கூட்டம் பிரிந்து நின்று ஒரே சிரிப்பும் வழக்குமாக ஆகிவிட்டது. உன் அம்மாதான் உன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, உன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், வாணலியில் இருந்து ஒரு பொரி உருண்டை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தாள். நீ தின்று முடிக்கும் வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். தின்று முடித்து, கையை நக்கிவிட்டு, அவளிடம் கையை நீட்டி, "மள்ளீ" என்றாய். அத்தோடு வழக்கு தீர்ந்தது. நாகம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் ஆடினாள். மச்சான் தோற்றவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போய்க் கயிற்றை எடுத்து, கரி தீரும் வரைக்கும் சுற்றினார்.

பெற்ற தாய் காத்துக் கிடக்க, பிள்ளை பக்கத்து வீட்டு மொழியில் வாய் திறந்தானே, உனக்கு வருத்தமில்லையா என்று பின்னால் ஒரு சமயம் உன் அம்மாவைக் கேட்டேன். பேச்சு யார் வீட்டுக் கதவைத் தட்டி வந்தால் என்ன, வந்தது நம் வீட்டுக்குத்தானே என்றாள். ஆனாலும் அடுத்த வாரத்தில் நீ "அம்மா" என்று கூப்பிட்டபோது, அடுப்பில் இருந்த குழம்பு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. தைப் பொங்கலுக்குள் நீ தமிழும் தெலுங்கும் பால்காரியின் கன்னடமும் ஒரே மூச்சில் கலந்து பேசினாய். யாருக்கும் முழுசாகப் புரியாது, நீயும் நிறுத்த மாட்டாய். இன்றுவரை அப்படித்தான்.

மகனே, தனத்துக்கு என்ன மருந்து என்று கேட்டிருந்தாய். நான் வைத்தியன் இல்லை. அவள் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார், திரும்பிப் பார்க்கிறாளா என்று கவனி. சொன்னதைச் செய்கிறாளா, வேண்டியதைக் காட்டிக் கேட்கிறாளா பார். இல்லையென்றால் நல்ல டாக்டரிடம் காட்டு, கூச்சப்படாதே. அதெல்லாம் செய்கிறாள் என்றால் அவளோடு பேசிக்கொண்டே இரு. பதில் வரவில்லையே என்று உன் பேச்சைக் குறைத்துக்கொள்ளாதே. அது உனக்குக் கஷ்டமான வேலையும் இல்லை. அங்கே அக்கம்பக்கத்தில் கன்னடத்துப் பெண்கள் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். யார் என்ன சொன்னாலும் நெருப்பையும் பழுக்கக் காய்ச்சிய ஊசியையும் கிட்டே விடாதே. காமாட்சியிடம் சொல், பிள்ளை பேசாததற்குத் தாய் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. அவள் இரண்டு வேளையும் சாப்பிட வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு உடம்பில் தெம்பு வேண்டாமா? நீ பட்டறையில் இருந்து வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொள். துணி காயவில்லை, வீடெல்லாம் புகை, தூக்கம் இல்லை என்று இப்போது உனக்கு அலுப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. அதற்கு நடுவில்தான் எல்லாம் நடந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒருவேளை தனம் பேசாமலே இருந்துவிட்டால்? அந்தக் கேள்வி உன் மனசில் இருக்கும், எழுதத்தான் உனக்குக் கை வரவில்லை. அப்போதும் அவள் நம் வீட்டுப் பிள்ளை. அவள் என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்க நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.

உன் கடிதத்தைக் கேட்டு முடித்ததுதான் தாமதம், உன் அம்மா பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். பேத்தியைப் பார்க்க வேண்டுமாம். பொங்கல் வரைக்கும் அங்கேதான் இருக்கப் போகிறாளாம். எனக்கு லீவு கிடைக்காது. பொன்னியின் புருஷன் துணைக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை இங்கே வண்டி ஏறுகிறார்கள், சனிக்கிழமை உன் ஊரில் இருப்பார்கள். பௌரிங்பேட்டையைத் தாண்டி ஹூப்ளிப் பக்கம் அவள் ரயிலில் போனதே இல்லை. பயமில்லை என்கிறாள், ஆனால் இரண்டு நாளாக வண்டி எங்கெங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போய் நில். தனத்தையும் தூக்கிக்கொண்டு போ. வண்டி நின்றதும் உன் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கு. அந்தப் படி உயரம், அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது, உன்னிடம் சொல்ல மாட்டாள்.

உன் நைனா.